ஒரு தூக்குவாளி, இரண்டு இனிஷியல்: யார் வீட்டுப் பாத்திரம் இது?

(கடலூரில் எங்கள் தெருக்காரர்கள் குழுவில் வந்த பதிவுகள். பெயருக்குப் பதில் வீட்டு அடையாளம்.)

முருங்கைமரத்து வீடு (செவ்வாய், காலை 11.10)
கொலுப்படிக்குப் பலகை எடுக்கலாம் என்று பரணில் ஏறினேன். பலகைக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு லிட்டர் பிடிக்கும். கைப்பிடி மாட்டுகிற காது ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, ஆட்டினால் கிறீச் என்கிறது. எங்களுடையது இல்லை என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் என் மாமியார் இந்த வீட்டில் கரண்டியைக்கூட விடாமல் பேர் வெட்டி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார், டீ வடிகட்டி ஒன்றுதான் தப்பித்தது. இதில் வேறு எழுத்து. கழுத்துக்குக் கீழே "தே.கோ." என்று புள்ளி புள்ளியாக உளியால் வெட்டி, பக்கத்தில் ஒரு தேதி. மூடியைத் திருப்பினால் "வ.செ." என்று இருக்கிறது. வாளி ஒருத்தருடையது, மூடி இன்னொருத்தருடையது! வீட்டுக்காரரைக் கேட்டால், "அதுல நான் ஆணி போட்டு வெச்சிருக்கேன், இருக்கட்டும் விடு" என்கிறார். ஆணியைக் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறேன். யாருடையது, சொல்லுங்கள்.

ரிட்டயர்டு வாத்தியார் (11.25)
தேதியைச் சரியாகப் படித்துச் சொல்லுங்கள் அம்மா. தேதி இருந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

முருங்கைமரத்து வீடு (11.31)
புள்ளி எல்லாம் தேய்ந்து கிடக்கிறது சார். 7.9.34 மாதிரித் தெரிகிறது.

ரிட்டயர்டு வாத்தியார் (11.58)
34ஆக இருக்க வாய்ப்பே இல்லை. அந்தக் காலத்தில் நம் பக்கத்து வீடுகளில் ஏது எவர்சில்வர், பித்தளையும் வெண்கலமும் ஈயம் பூசின பாத்திரமும்தான். அது 84. இரண்டு வளையத்திலும் இடப்பக்கம் தேய்ந்து 8 உங்களுக்கு 3 மாதிரித் தெரிகிறது. 7.9.1984 வெள்ளிக்கிழமை, ஆவணி மாதம், மூன்று நாளில் பௌர்ணமி, ஆகவே வளர்பிறை. கல்யாணச் சீர்ப் பாத்திரமாகத்தான் இருக்க வேண்டும். இப்போது கடையில் மின்சார ஊசியை வைத்து ஒரே இழுப்பாகப் பேர் எழுதித் தருகிறார்கள், அது சன்னமாகக் கோடாக இருக்கும். புள்ளி வைத்து வெட்டினது என்றால் கடைவாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஆசாரி கைவேலை. ஒரு எழுத்துக்கு இவ்வளவு காசு என்று கணக்கு, அதனால்தான் அந்தக் காலத்தில் யாரும் முழுப் பெயர் வெட்டுவதில்லை. இதைச் சொல்லும்போது இன்னொன்று ஞாபகம் வருகிறது, நம் ஊர் ஜெயிலில்...

மாடிப் போர்ஷன் (12.04)
சார், பாரதியார் வேண்டாம் சார். 1918இல் அவரைக் கடலூர் ஜெயிலில் வைத்திருந்த கதையைத் தண்ணீர் லாரி விஷயத்திலும் சொன்னீர்கள், நாய்க்கு ஊசி போடும் விஷயத்திலும் சொன்னீர்கள்.

ரிட்டயர்டு வாத்தியார் (12.06)
சரி, சொல்லவில்லை. ஆனால் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் சேர்த்து அவர்...

பச்சை கேட்டு வீடு (12.20)
முருங்கைமரத்து அக்கா, உங்களுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லையா? அந்த வாளியை உங்களிடம் கொடுத்ததே நான்தான். ஜூனில் பண்ருட்டியிலிருந்து அப்பா பலாப்பழம் கொண்டுவந்தாரே, சுளை எடுத்து அந்த வாளி நிறைய அனுப்பினேன். தானே புயலில், 2011இல், எங்கள் தோப்பில் பலா, முந்திரி எல்லாம் வேரோடு போய்விட்டன, அப்புறம் நட்ட மரம் இப்போதுதான் நாலு பேருக்குக் கொடுக்கிற அளவுக்குக் காய்க்கிறது என்று வாசலில் நின்று கதை எல்லாம் சொன்னேன். அதோடு, "வாளி வேப்பமரத்து வீட்டு அக்காவோடது, அவங்க ஊருக்குப் போயிருக்காங்க, வந்ததும் கொடுத்துடுங்க" என்றும் சொன்னேன்.

முருங்கைமரத்து வீடு (12.27)
ஐயோ. சுளை ஞாபகம் இருக்கிறது. கொட்டையைச் சுட்டுத் தின்றதும் ஞாபகம் இருக்கிறது. வாளி எப்படிப் பரணுக்குப் போனது என்பதுதான் தெரியவில்லை. ஆணிக்காரரை விசாரிக்கிறேன்.

வேப்பமரத்து வீடு (மதியம் 2.15)
இப்போதுதான் பார்த்தேன். அது என் வாளி இல்லையே! அது மாடிப் போர்ஷன் தம்பியுடையது. மழை வெள்ளம் வடிந்து ஒரு வாரம் கழித்து, அந்த வாளியில் ஒரு பாக்கெட் மிக்சரைக் கொட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். பிள்ளை ஏதோ ஆசையாகக் கொடுக்கிறான் என்று வாங்கிக்கொண்டேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது இல்லையா, என்ன செய்து கொடுக்கலாம் என்று யோசித்து யோசித்தே பொங்கல் போய்விட்டது. மாசி மகத்துக்கு மறுநாள் ஓ.டி. (கடலூர் முதுநகர்) துறைமுகத்திலிருந்து நல்ல நெத்திலி வந்தது. மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, அந்த வாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு மாடி ஏறினால் கதவு பூட்டியிருக்கிறது, தம்பி ஊருக்குப் போய்விட்டானாம். குழம்பை வீணாக்குவதா, அப்படியே பச்சை கேட்டு வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பச்சை கேட்டு வீடு (2.22)
அந்தக் குழம்பை மறுநாள் காலையில் பழைய சோற்றோடு சாப்பிட்டோம் அக்கா. இன்னும் வீட்டில் பேசுகிறார்கள்.

ரிட்டயர்டு வாத்தியார் (2.40)
காலம் பொருந்துகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மாசியில் நெத்திலி, தடை முடிகிற சமயத்தில் பலா.

மாடிப் போர்ஷன் (மாலை 6.50)
ஷிப்ட் முடிந்து இப்போதுதான் வருகிறேன், அதற்குள் என்னைக் குற்றவாளி ஆக்கி வைத்திருக்கிறீர்கள். என்னிடம் சொந்தமாக இருப்பது ஒரு குக்கரும் ஒரு தோசைக்கல்லும்தான். வாளி என்னுடையது இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு கரையைக் கடந்ததும் மழையோடு போயிற்று என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கனஅடி திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை நம் தெருவுக்குள் வந்துவிட்டது. கீழ் வீட்டில் ஆள் இல்லை, படிக்கட்டில் ஆறு படி தண்ணீருக்குள். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. காலையிலிருந்து இரண்டு பாக்கெட் பிஸ்கட்தான். நன்றாக இருட்டுகிற நேரத்தில் கீழே தண்ணீருக்குள் சலசல என்று யாரோ நடக்கிற சத்தம், டார்ச் வெளிச்சம். "கயிறு இருந்தா போடுங்கண்ணா" என்று ஒரு சின்னப் பையன் குரல். துணி காயப்போடுகிற கொடியை அவிழ்த்து இறக்கினேன். இழுத்தால் வாளி வருகிறது. பாதி வழியில் சுவரில் மோதி மூடி தண்ணீருக்குள் போயிற்று, காது நசுங்கினதும் அப்போதுதான், அது என் தப்பு. "யார் கொடுத்தாங்க?" என்று கத்தினேன். "சாப்பிடுங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சாம்பார் சாதம். சின்ன வெங்காயம் முழுசு முழுசாகக் கிடந்தது, மேலே நெய் வாசனை, ஓரத்தில் வாழையிலைத் துண்டில் மடித்து இரண்டு அப்பளம், அதுவும் நமுத்துப் போகாமல். அன்றைக்கு இரவும் அதுதான், மறுநாள் காலையும் அதுதான்.

தண்ணீர் வடிந்த அன்று வேப்பமரத்து அக்கா என்னைப் பார்த்ததும் "சாப்ட்டியா தம்பி?" என்று கேட்டார். சரி, இவர்தான் கொடுத்தவர், வெளியே காட்டிக்கொள்ளாமல் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாத்திரத்தைக் காலியாகக் கொடுக்காதே என்று அம்மா போனில் சொன்னதால் மிக்சர் வாங்கிப் போட்டேன்.

வேப்பமரத்து வீடு (7.02)
தம்பி, நான் எல்லோரையும்தான் சாப்ட்டியா என்று கேட்பேன்.

இஸ்திரிக் கடை (7.10)
உண்மை. கரண்ட் பில் ரீடிங் எடுக்க வந்தவரையும் கேட்டார், நான் பார்த்தேன்.

முருங்கைமரத்து வீடு (7.15)
ஆக, வாளி யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. மூடி தண்ணீரில் போயிற்று என்றால் இந்த "வ.செ." மூடி எங்கிருந்து வந்தது?

ரிட்டயர்டு வாத்தியார் (இரவு 8.30)
ஒரு சிறு திருத்தம். நான் மேலே இருப்பதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். அவள் பெயரின் முதல் எழுத்து வ. என் பெயரின் முதல் எழுத்து செ. பொங்கலன்று வேப்பமரத்து வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் அனுப்பிய பாத்திரம் மூடி இல்லாமல் திரும்பி வந்ததாம். எட்டு மாதமாக எங்கள் வீட்டு மோர்ப் பாத்திரத்தை ஒரு தட்டு வைத்து மூடுகிறோம். காலையில் மூடியில் "வ.செ." என்று படித்தும் எனக்குத் தோன்றவில்லை என்பதை அவள் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். 84ஆம் வருஷத்துப் பௌர்ணமி தெரிகிறது, கட்டின பெண்டாட்டி இனிஷியல் தெரியவில்லையா என்று கேட்கிறாள்.

வேப்பமரத்து வீடு (8.41)
அந்த மூடி வாளிக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது சார், குழம்பு சிந்தாமல் இருக்கட்டும் என்று... மன்னிக்கணும். அக்காவிடம் நாளைக்கே வந்து சொல்கிறேன்.

கடைசி வீடு மருமகள் (புதன், காலை 9.20)
வணக்கம். அது எங்கள் வாளிதான் என்று நினைக்கிறேன். தே. என்பது என் அத்தை, கோ. மாமா. கல்யாணத்துக்கு அத்தையின் அம்மா கொடுத்த சீர்.

எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் அன்றைக்குத் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. அத்தை காலையிலேயே பெரிய அண்டாவை எடுத்து வைத்துவிட்டார். தானே புயல் அடித்தபோது நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததே, அன்றிலிருந்து மழைக்காலம் வந்தால் ஒரு சிலிண்டர் கூடுதலாக வைத்திருப்பார், "இருக்கறது இதுக்குத்தானே" என்றார். தெருப் பையன்கள் நாலு பேர் தலையில் வைத்து எடுத்துப் போனார்கள். மூன்று தூக்கு போயிற்று, இரண்டுதான் திரும்பி வந்தது. வாளியைப் பற்றி அவ்வளவாகக் கேட்கவில்லை, ஆனால் மாடியில் தனியாக இருந்த பையன் சாப்பிட்டானா, அவனுக்குக் காரம் ஒத்துக்கொண்டதா என்று இப்போதும் எப்போதாவது கேட்பார். எங்களுக்கு எந்த மாடி என்று தெரியவில்லை, பையன்களுக்கும் இருட்டில் அடையாளம் தெரியவில்லை.

அத்தைக்குப் போன் பார்க்க வராது. நேற்று ராத்திரி இது முழுவதையும் நான்தான் படித்துக் காட்டினேன்.

பச்சை கேட்டு வீடு (9.26)
முழுவதையும் என்றால்?

கடைசி வீடு மருமகள் (9.27)
முழுவதையும்.

பச்சை கேட்டு வீடு (9.29)
நெத்திலியையுமா!! உங்கள் அத்தை சனிக்கிழமை தவறாமல் திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர் ஆயிற்றே. இது புரட்டாசி வேறு.

வேப்பமரத்து வீடு (9.33)
நான் அந்தப் பதிவை எடுத்துவிடட்டுமா?

இஸ்திரிக் கடை (9.35)
எடுத்து என்ன செய்ய அக்கா, என் கடைக்கு வருகிற கஸ்டமர் எல்லோருக்கும் மாங்காய் போட்டது வரை தெரியும்.

வேப்பமரத்து வீடு (9.50)
எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் சுத்த சைவமாக இருந்தால், அம்மா கொடுத்த சீர்ப் பாத்திரம், அதில் போய் நான் மீன் ஊற்றியிருக்கிறேன். முருங்கைமரத்து அக்கா, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, எலுமிச்சைத் தோலைக் காதுக்குள் விட்டுத் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். காதில் ஆணி அடித்த இடத்தில்தான் வாடை நிற்கும்.

முருங்கைமரத்து வீடு (10.05)
ஆறு மாதத்துக்கு முந்தின குழம்பு. நடுவில் பலா, அப்புறம் ஆணி. இப்போது இரும்பு வாடைதான் அடிக்கிறது. இருந்தாலும் செய்கிறேன்.

ரிட்டயர்டு வாத்தியார் (10.12)
அடுத்த கேள்வி. திருப்பித் தரும்போது உள்ளே என்ன வைப்பது? வெறுமனே தர முடியாது. சம்பிரதாயப்படி சர்க்கரை போதும்.

பச்சை கேட்டு வீடு (10.15)
சர்க்கரையா? அண்டா நிறைய ஆக்கிப் போட்டவருக்குச் சர்க்கரையா சார்? எங்கள் முந்திரியைப் போடுகிறேன்.

முருங்கைமரத்து வீடு (10.18)
நான் சுண்டல் செய்யத்தான் போகிறேன்.

இஸ்திரிக் கடை (10.20)
என் வீட்டில் புளியோதரை நன்றாகச் செய்வார்கள். நான் வாளியைக் கையால் தொட்டதே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

மாடிப் போர்ஷன் (10.24)
சாப்பிட்டவன் நான். நான்தான் ஏதாவது செய்ய வேண்டும். மிக்சரைத் தவிர வேறு யோசனை சொல்லுங்கள்.

வேப்பமரத்து வீடு (10.31)
நீ ஒன்றும் செய்ய வேண்டாம் தம்பி, கையில் எடுத்துக்கொண்டு போ, அது போதும். நான் வரவில்லை. நான் வந்தால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

(இதற்கு அப்புறம் சுண்டலா, பொங்கலா என்று நாற்பது பதிவுக்கு மேல் ஓடியது. ஒரு கட்டத்தில் வாத்தியார் சார் ஓட்டெடுப்பு வைத்தார், அவரே இரண்டு முறை ஓட்டுப் போட்டது தெரிந்துவிட்டதால் செல்லாது என்று ஆயிற்று.)

முருங்கைமரத்து வீடு (சனி, காலை 8.00)
முடிவு: சர்க்கரைப் பொங்கல். அரிசி, வெல்லம் என்னுடையது. முந்திரி பச்சை கேட்டு. நெய் இஸ்திரிக் கடை அண்ணன் கொடுத்தார், வாளியைத் தொட்ட கணக்கில் இனி அவரையும் சேர்த்துக்கொள்ளவும். மூடி வாத்தியார் வீட்டம்மாள் இன்றைக்கு மட்டும் இரவலாகக் கொடுத்திருக்கிறார், சாயங்காலத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்ற கண்டிப்போடு. தம்பி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து நிற்கிறான், பெண் பார்க்கப் போகிற மாதிரி.

மாடிப் போர்ஷன் (சனி, மதியம் 1.40)
போய்விட்டு வந்தேன்.

பாட்டி அப்போதுதான் திருவந்திபுரத்திலிருந்து வந்து திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் வாளியை நீட்டினேன். வாங்கவில்லை, என்னையே ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா அது? நான் பெரிய ஆளா நெனச்சேன், ஒல்லியா இருக்கியேப்பா" என்றார். நான் காது நசுங்கினதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர், அது 84லேயே நசுங்கினது, கல்யாண வேனில் ஏற்றும்போது என் தம்பிக்காரன் கீழே போட்டான் என்கிறார். பத்து மாதமாக நான் சுமந்த பாவம் என்னுடையது இல்லையாம்.

அப்புறம் வாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தின் மேல் விரலால் தடவினார். ஒவ்வொரு புள்ளியாக, மெதுவாக. "கோ" எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறதாம், ஆசாரியோடு அவர் அம்மா சண்டை போட்டாராம், அந்த ஒரு புள்ளிக்குக் காசைக் குறைத்துக்கொண்டுதான் கொடுத்தாராம். நான் பார்த்தேன், நிஜமாகவே ஒரு புள்ளி இல்லை.

சாம்பார் சாதத்தில் காரம் சரியாக இருந்ததா என்று கேட்டார். சரியாக இருந்தது பாட்டி என்றேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்ததைச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன், மருமகள் அக்கா எப்படியும் படித்துக் காட்டுவார்.

கிளம்பும்போது கேட்டார்: "அந்த நெத்திலி எந்த வீடு?"

வேப்பமரத்து வீடு (1.43)
நீ என்ன சொன்னாய்?

வேப்பமரத்து வீடு (1.49)
தம்பி, என்ன சொன்னாய்??

மாடிப் போர்ஷன் (1.55)
சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் அக்கா. வேப்பமரத்து வீடு என்று சொன்னேன், பொய் சொல்ல வரவில்லை. "ம்ம்" என்றார். அவ்வளவுதான்.

வேப்பமரத்து வீடு (1.57)
எந்த மாதிரி "ம்ம்"?

கடைசி வீடு மருமகள் (மாலை 5.10)
வேப்பமரத்து அக்கா, பயப்படாதீர்கள். அத்தை பிறந்து வளர்ந்தது தேவனாம்பட்டினம், கடலோர மீனவர் ஊர். இந்த வீட்டில் யாருக்கும் மீன் பழக்கமில்லை, மாமா இருந்தவரை அத்தையும் வீட்டில் சமைத்ததில்லை. நான் அன்றைக்கு உங்கள் பதிவைப் படிக்கும்போது நெத்திலி வந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொன்னார். நான் கோபம் என்றுதான் நினைத்தேன். இன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் கேட்கிறார், மாங்காயைத் தோலோடு போட்டாளா, தோல் சீவிப் போட்டாளா என்று. தோலோடு போட்டால்தான் சரியாம்.

புரட்டாசி முடியட்டும் என்கிறார். ஐப்பசி ஒன்றாம் தேதி மதியம் உங்கள் வீட்டுக்கு வருகிறாராம். வாளியை இப்போதே என் பையனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார், உள்ளே பழம்புளி ஒரு உருண்டை இருக்கும். போன வருஷத்துப் புளி, அதில்தான் குழம்பு வைக்க வேண்டுமாம்.

வேப்பமரத்து வீடு (5.32)
வந்துவிட்டது. தோலோடுதான் போட்டேன் என்று சொல்லுங்கள். இப்போதும் தோலோடுதான் போடுவேன். மாங்காய்க்கு இது காலம் இல்லை, எங்கிருந்தாவது கொண்டுவருகிறேன்.

பச்சை கேட்டு வீடு (5.35)
அப்பா தோப்பில் பருவம் தப்பிக் காய்க்கிற ஒரு மாமரம் இருக்கிறது. கேட்டுச் சொல்கிறேன்.

ரிட்டயர்டு வாத்தியார் (6.05)
மகிழ்ச்சி. ஒரு விஷயம். மூடி இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

வேப்பமரத்து வீடு (6.09)
வாளி மூடி இல்லாமல்தான் வந்தது சார். மேலே ஒரு வாழையிலை கட்டியிருந்தது.

கடைசி வீடு மருமகள் (6.14)
இங்கே பொங்கலோடு இருந்ததே... மீதிப் பொங்கலை ஒரு கிண்ணத்தில் போட்டு, அந்த மூடியை வைத்து மூடி, எதிர் வீட்டுக்குக் கொடுத்தார் அத்தை. நான் போய்ப் பார்க்கிறேன்.

ரிட்டயர்டு வாத்தியார் (6.15)
சீக்கிரம் பாருங்கள் அம்மா. உள்ளே கரண்டிச் சத்தம் கேட்கிறது.